நீச்சல் துடுப்பின் குதிகால் வார்

குதிகால் வார் என்பது ஸ்கூபா சுழியோடலில் பயன்படும் திறந்த குதிகால் வகை நீச்சல் துடுப்பைக் காலுடன் பிணைத்து வைக்கும் மீள்தன்மையுள்ள பட்டை ஆகும். இது துடுப்பின் கால்பையின் இரு பக்கங்களிலும் பொருத்தப்பட்டு, குதிகாலின் பின்புறமாகச் சுற்றிச் செல்கிறது. துடுப்பின் மற்றைய பகுதிகளோடு ஒப்பிடுகையில் விலை குறைந்த இச்சிறு உறுப்பு அறுந்தால், சுழியோடி துடுப்பையே இழக்க நேரிடும். நீரோட்டம் உள்ள இடங்களில் இது உயிருக்கு ஆபத்தாகவும் முடியலாம்.

வரலாறு

தற்கால நீச்சல் துடுப்புக்கான காப்புரிமையை பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியான லூயி டி கோர்லியூ 1933 ஆம் ஆண்டில் பெற்றார். அவரிடம் உரிமம் பெற்ற அமெரிக்கப் பாய்மரப் படகு வீரர் ஓவன் சர்ச்சில், 1940 இல் இரப்பர்த் துடுப்புகளை உற்பத்தி செய்யத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளின் சுழியோடிகள் இவற்றைப் பயன்படுத்தினர். 1952 இல் இத்தாலியின் கிரெசி நிறுவனம், லூயிஜி ஃபெராரோ வடிவமைத்த 'ரோந்தினே' என்னும் துடுப்பை வெளியிட்டது. குதிகாலையும் மூடும் கால்பை கொண்ட இத்துடுப்புக்கு வார் தேவைப்படவில்லை. அதன் பின்னர், மூடிய குதிகால், திறந்த குதிகால் ஆகிய இரு வகைகளும் வழக்கில் உள்ளன.

திறந்த குதிகால் துடுப்பு, நியோப்ரீன் காலணியின் மேல் அணியப்படுவது. குளிர்ந்த நீரிலும், பாறை நிறைந்த கரையிலிருந்து நீரில் இறங்கும்போதும் இவ்வகையே வசதியானது.

வகைகள்

* இரப்பர் வார்: மிகப் பழைய வகை. வெளிப்புறத்தில் உள்ள குறுக்கு வரம்புகள் பக்கிளின் பல்லில் மாட்டிக்கொள்வதால் நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். விலை குறைவு. எளிதில் கிடைக்கும். ஆனால் காலப்போக்கில் வெடிக்கும்.
* சிலிக்கோன் வார்: வெயிலையும் ஓசோனையும் இரப்பரைவிட நன்கு தாங்கும். ஆயினும், ஓரத்தில் சிறு வெட்டு ஏற்பட்டால் அது விரைவில் பரவி அறுந்துவிடக்கூடும்.
* மீள்கயிற்று வார்: துணி உறையிட்ட மீள்கயிற்றால் ஆனது. எடை குறைவு. அணிவது எளிது. உறை நைந்தால் மாற்றவேண்டும்.
* சுருள்வில் வார்: துருப்பிடிக்கா எஃகுச் சுருள்வில்லால் ஆனது. குதிகாலில் படும் இடத்தில் மெத்தைபோன்ற பட்டையும், இழுப்பதற்கு ஒரு வளையமும் இருக்கும். பக்கிள் தேவையில்லை. நீண்ட காலம் உழைக்கும்; விலை அதிகம்.

ஆழத்தின் விளைவு

நியோப்ரீன் என்பது நுண்ணிய வாயுக் குமிழ்கள் அடங்கிய நுரை இரப்பர் ஆகும். நீர்மட்டத்தில் 1 வளிமண்டலமாக உள்ள அழுத்தம், 10 மீட்டர் ஆழத்தில் 2 ஆகவும், 30 மீட்டரில் 4 ஆகவும் உயர்கிறது. இதனால் குமிழ்கள் சுருங்கி, காலணி மெலிகிறது. படகில் இறுக்கமாக இருந்த இரப்பர் வார் ஆழத்தில் தளர்வது இக்காரணத்தினாலேயே. இதை ஈடுசெய்ய மேற்பரப்பில் மிகையாக இறுக்கினால் பாதம் மரத்துப்போதலும் தசைப்பிடிப்பும் ஏற்படலாம். சுருள்வில் நீண்ட தூரம் நீண்டு சுருங்கக்கூடியதாகையால், காலணி மெலிந்தாலும் இழுவிசை பெரிதும் குறைவதில்லை.

தேர்ந்தெடுத்தல்

வாரின் அளவைக் காலணி அணிந்த நிலையிலேயே கணிக்க வேண்டும். பாதத்தைத் துடுப்பினுள் முழுமையாக நுழைத்து, ஒரு பக்கப் பொருத்து முனையிலிருந்து குதிகாலைச் சுற்றி மறு பக்க முனை வரை அளக்க வேண்டும். உலர் உடையின் காலணி தடிமனானது ஆதலால், அதற்குத் தனியாக அளத்தல் நன்று. துடுப்பின் பொருத்து முனைகள் உற்பத்தியாளருக்கு ஏற்ப வேறுபடுகின்றன. சிலவற்றில் குமிழ் வடிவ முனையும், சிலவற்றில் திருகாணித் துளையும், சிலவற்றில் கழற்றக்கூடிய பக்கிளும் காணப்படும். ஆகவே வாங்குமுன் துடுப்பின் வடிவம் எது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

குகைகளிலும் சிதைந்த கப்பல்களிலும் சுழியோடுவோர் வாரின் மிகுதி முனை வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை விரும்புவதில்லை. வழிகாட்டிக் கயிறு அதில் சிக்கக்கூடும். இதனால் முனையை உட்புறமாகத் திருப்பி வைப்பதும், பக்கிளே இல்லாத சுருள்வில் வாரைப் பயன்படுத்துவதும் அவர்களிடையே வழக்கமாகும்.

சிதைவும் பரிசோதனையும்

இயற்கை இரப்பர், காற்றிலுள்ள ஓசோனாலும் புற ஊதாக் கதிர்களாலும் சிதைகிறது. இழுபட்ட நிலையில் உள்ள இரப்பரில் இவ்வெடிப்புகள் விரைந்து தோன்றும். எனவே பக்கிளில் வளையும் இடத்திலும் வரம்புகளின் அடியிலும் முதலில் நோக்க வேண்டும். வாரைக் கையால் வளைத்துப் பார்த்தால் மெல்லிய வெடிப்புகள் புலப்படும். ஒட்டும் தன்மை, விறைப்பு, நிறம் வெளிறுதல் ஆகியனவும் அறிகுறிகளே. சுருள்வில் வாரில், உப்புநீர் தேங்கும் உறையின் உட்பகுதியிலும் திருகாணியின் அடியிலும் அரிப்பு ஏற்படலாம்.

மாற்றும் முறை

1. பழைய வார் பக்கிளினூடே செல்லும் திசையைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு துடுப்பை மட்டும் கழற்றினால் மற்றையது மாதிரியாகப் பயன்படும்.
2. பக்கிளின் பிடிப்பைத் தளர்த்திப் பழைய வாரை உருவ வேண்டும். பக்கிளின் பல் தேய்ந்திருந்தால் அதனையும் மாற்ற வேண்டும்.
3. புதிய வாரை அதே திசையில் நுழைக்க வேண்டும். இறுகினால் சவர்க்கார நீர் தடவலாம். பெட்ரோலிய எண்ணெய்கள் இரப்பரைக் கெடுக்கும்.
4. இரு பக்கங்களிலும் வரம்புகளின் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். இல்லாவிடில் குதிகால் பட்டை நடுவில் அமையாது.
5. வாரைப் பலமாக இழுத்துப் பார்த்த பின், ஆழமற்ற நீரில் சோதிக்க வேண்டும்.

இரு துடுப்புகளின் வார்களும் ஒரே அளவு பழையவை ஆதலால், ஒன்று வெடித்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே முறை.

நீரடியில் வார் அறுந்தால்

சுழியோடி முதலில் அசைவை நிறுத்தி, துடுப்பைக் கையில் பற்றிக்கொண்டு, துணைச் சுழியோடிக்குச் சைகை காட்ட வேண்டும். ஒரு துடுப்புடன் நீந்தும்போது, வெறும் காலை மற்றைய காலுடன் சேர்த்து வைத்து டால்பினைப் போல் உடலை அசைத்து முன்னேறலாம். சுழியோடலை அத்துடன் முடித்து, வழக்கமான மெதுவான வேகத்தில் மேலெழ வேண்டும். பதற்றத்தில் விரைந்து எழுவது, வார் அறுவதைக் காட்டிலும் பெரிய கேடாகும்.

பராமரிப்பு

ஒவ்வொரு சுழியோடலின் பின்னும் நன்னீரில் அலசி, நிழலில் உலர்த்தி, வாரைத் தளர்த்திய நிலையில் வைக்க வேண்டும். வாரைப் பிடித்துத் துடுப்பைத் தொங்கவிடலாகாது. வெளிர்நிற சிலிக்கோன் வாரைக் கறுப்பு இரப்பருடன் ஒட்டி வைத்தால் கறை படியும். பயணங்களில் உதிரி வார் ஒன்றை, முகமூடி வார், ஓ-வளையம் முதலியவற்றுடன் உதிரிப்பெட்டியில் எடுத்துச் செல்வது சுழியோடிகளின் வழக்கம்.

இவற்றையும் பார்க்க

* நீச்சல் துடுப்பு
* ஸ்கூபா சுழியோடல்
* நியோப்ரீன்