புளோரின் பிரித்தெடுக்கப்பட்ட வரலாறு

புளோரின் என்பது அணு எண் 9 கொண்ட தனிமம் ஆகும். ஆலசன் குடும்பத்தில் மிக இலேசானது இதுவே. எல்லாத் தனிமங்களிலும் எலக்ட்ரான் கவர்திறன் மிக்கதும் இதுவே. அதனால் இதன் இருப்பு ஊகிக்கப்பட்ட பிறகும், தனியே பிரித்தெடுக்க முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

உலோகம் உருக்குவோர் கால்சியம் புளோரைடு கனிமத்தை இளக்கியாகப் பயன்படுத்தி வந்தனர். 'பாய்தல்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்தே தனிமத்தின் பெயரும் வந்தது. 1771-இல் சுவீடனின் ஷீலே இக்கனிமத்தைக் கந்தக அமிலத்துடன் வினைப்படுத்தி, கண்ணாடியை அரிக்கும் ஓர் அமிலத்தைப் பெற்றார். அவ்வமிலத்தில் ஐதரசனுடன், குளோரினை ஒத்த புதிய தனிமம் ஒன்று இருக்க வேண்டும் என்று பிரெஞ்சு அறிஞர் ஆம்பியர் பின்னர் டேவிக்கு எழுதினார்.

அத்தனிமத்தை விடுவிக்க அன்றைய வேதிப்பொருள் எதற்கும் வலு இல்லை. மின்னாற்பகுப்பே வழியாக இருந்தது. ஆனால் நீர்க்கரைசலில் புளோரினுக்குப் பதில் ஆக்சிசன் வெளிவந்தது. நீரற்ற ஐதரசன் புளோரைடோ மின்சாரத்தைக் கடத்தவில்லை. முயன்றவர்களை அமிலத்தின் நச்சாவி தாக்கியது. டேவி உடல்நலம் குன்றினார். அயர்லாந்தின் நாக்ஸ் சகோதரர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். பெல்சியத்தின் லூயே, பிரான்சின் நிக்லே ஆகியோர் உயிரிழந்தனர்.

பிரெமியின் மாணவரான ஆன்றி முவாசான், நீரற்ற ஐதரசன் புளோரைடில் பொட்டாசியம் ஐதரசன் புளோரைடைக் கரைத்து அதைக் கடத்தியாக்கினார். பிளாட்டினத்தால் ஆன வளைகுழாயை நன்கு குளிரூட்டி, கால்சியம் புளோரைடு அடைப்பான்களால் மூடினார். 1886 சூன் 26 அன்று நேர்மின்வாயில் வெளிவந்த வாயு பட்டதும் சிலிக்கான் தீப்பற்றி எரிந்தது.

பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் குழு முன்பு செய்த முதல் முயற்சி தோற்றது. அன்று பயன்படுத்திய ஐதரசன் புளோரைடு மிகத் தூய்மையாக இருந்ததால் மின்சாரம் பாயவில்லை. பொட்டாசியம் உப்பைச் சேர்த்ததும் சோதனை வென்றது. முவாசான் 1906-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்; அடுத்த பிப்ரவரியில், 54-ஆம் வயதில் இறந்தார்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், யுரேனிய ஐசோடோப்புகளைப் பிரிக்க உதவும் யுரேனியம் எக்சாபுளோரைடுக்காக, புளோரின் பெருமளவில் தேவைப்பட்டது. இயற்கைப் புளோரினுக்கு ஒரே ஐசோடோப்பு இருப்பதால், அச்சேர்மத்தின் மூலக்கூறுகளுக்கு இடையிலான நிறை வேறுபாடு யுரேனியத்தால் மட்டுமே உண்டாகிறது. மின்சாரக் கருவிகளில் காப்பு வாயுவாகும் சல்பர் எக்சாபுளோரைடும் புளோரினிலிருந்தே செய்யப்படுகிறது.

மின்னாற்பகுப்பு இன்றியே புளோரினை உருவாக்கும் வேதிவினையை 1986-இல் கார்ல் கிறிஸ்டே கண்டறிந்தார். ஆயினும் தொழிற்சாலைகள் இன்றும் பின்பற்றுவது முவாசானின் கொள்கையையே.