மூன்றாம் நிறம் வந்த வரலாறு

சாலைச் சந்திகளில் நின்றெரியும் போக்குவரத்து விளக்கின் தாய்வீடு சாலையன்று. இருப்புப் பாதையே ஆகும். 1868ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், இலண்டன் மாநகரில் பாராளுமன்றத்தின் அருகே முதல் விளக்கு நிறுவப்பட்டது. அதனை வகுத்தவர் ஜான் பீக் நைட் என்னும் இரயில்வேப் பொறியாளர். பகலில் உயர்ந்து தாழும் கைகள். இரவில் சிவப்பும் பச்சையுமாக எரிவாயு விளக்குகள். காவலர் ஒருவர் அருகில் நின்று அதனை இயக்கினார். அந்நாளில் இலண்டன் தெருக்களில் ஓடியவை குதிரை வண்டிகளே என்பதை ஈண்டு நினைவிற் கொள்ள வேண்டும். மறு மாதமே, அஃதாவது 1869 சனவரியில், எரிவாயு கசிந்து விளக்கு வெடித்தது. பிறரைக் காக்க நின்ற அக்காவலருக்கே காயம் நேர்ந்தது. அதன் பின்னர் அரை நூற்றாண்டுக்கு மேல் இலண்டன் மக்கள் விளக்கைப் பற்றி எண்ணவில்லை.

விளக்கில்லாத இடங்களில் மனிதரே விளக்காக நின்றனர். இரண்டாம் உலகப் போருக்கு முன் சிங்கப்பூரில் போக்குவரத்துக் காவலர்கள் பிரம்பினால் பின்னிய இறக்கைகளை முதுகில் கட்டிக்கொண்டு சந்தியின் நடுவே நின்றனர். நாள் முழுதும் கைகளை நீட்டினால் தோள் என்னாவது? உடலைத் திருப்பினால் போதும்; இறக்கையின் அகன்ற பக்கத்தை எதிரே கண்ட வண்டிகள் நின்றன. வெப்ப நாட்டு வெயிலில் அவர்கள் பட்ட பாட்டை எண்ணிப் பார்ப்போர் இன்று மிகச் சிலரே.

1914ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் அமெரிக்காவின் கிளீவ்லந்து நகரில் மின்விளக்கு அமைந்தது. அதற்கும் இரண்டே நிறங்கள். நிறம் மாறப் போவதை ஒலி எழுப்பி அறிவித்தனர். ஆனால் விரைந்து வரும் வண்டி, நினைத்த கணத்தில் நின்றுவிடுமா? ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, கால் தடையை மிதிப்பதற்குள் வண்டி பல அடி தூரம் உருண்டோடி விடுகிறது. இவ்வுண்மையை உணர்ந்த டிட்ராய்ட் நகரக் காவலர் வில்லியம் பாட்ஸ், 1920ஆம் ஆண்டில் சிவப்புக்கும் பச்சைக்கும் இடையே மஞ்சளைச் சேர்த்தார். 1923ஆம் ஆண்டில் காரெட் மார்கன் என்னும் கறுப்பின அமெரிக்கர், எல்லாத் திசைகளையும் சற்று நேரம் நிறுத்தி வைக்கும் கைகாட்டி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு திசைக்கு வழிவிடுமுன் சந்தியைக் காலியாக்க வேண்டும் என்பதே அவர் கண்ட நுட்பம்.

ஆக, மஞ்சள் பிறந்தது மனிதனின் இயலாமையை மதித்து. நிற்பதற்கென்று தரப்பட்ட அந்த ஓரிரு நொடிகளை இந்நாளில் பலர் விரைவதற்கென்று செலவிடுகின்றனர். மஞ்சளைக் கண்டதும் வேகத்தைக் கூட்டும் மகிழுந்தும், சிவப்பு மாறுமுன்னே கோட்டைத் தாண்டிக் காத்திருக்கும் மோட்டார் சைக்கிளும் நடுச்சந்தியில் சந்திக்க நேர்ந்தால், உயிரிழப்பவர் பெரும்பாலும் இரு சக்கரத்தில் அமர்ந்தவரே. மலேசியாவில் 2012ஆம் ஆண்டு முதல் சிவப்பை மீறுவோரைப் படமெடுக்கும் கருவிகள் சில சந்திகளில் நிறுவப்பட்டன. கருவிக்கு அஞ்சி நிற்பதும் நிற்பதுதான். ஆயினும் கருவியில்லாச் சந்திகளே மிகுதி.

நிற்கும் முறையிலும் பழக்கம் வேண்டும். முன்வண்டியின் பின்சக்கரம் சாலையைத் தொடும் இடம் கண்ணுக்குத் தெரியுமளவு இடைவெளி விட்டு நிற்பது நன்று. பின்னால் ஒருவர் மோதினாலும் முன்வண்டி தப்பும். கைத்தடையை இழுத்துவிட்டால் சரிவில் வண்டி பின்வாங்காது. பச்சை வந்ததும் ஒலிப்பானை அழுத்துவதை விட, இடமும் வலமும் நோக்கிய பின் புறப்படுவது அறிவுடைமை.

நிறுத்தக் கோட்டைப் பலர் வெறும் வெள்ளைச் சாயமாகவே கருதுகின்றனர். அக்கோட்டை ஒட்டிச் சாலைக்கடியில் கம்பிச் சுருள் புதைந்திருக்கும் சந்திகள் பல உண்டு. மேலே நிற்கும் வண்டியின் உலோகத்தை அச்சுருள் உணர்ந்து, கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரிவிக்கிறது. கோட்டைத் தாண்டி நிற்பவரை அது அறியாமற் போகலாம். எங்கே பச்சை என்று அவர் பொறுமை இழந்து காத்திருப்பார். விளக்கோ அங்கே யாரும் இல்லை என்று எண்ணிக்கொண்டிருக்கும்.