மன்னார் வழியும் மக்கள் நலப்பணியும்

மன்னார் என்றதும் முத்துக்குளிப்பும் திருக்கேதீச்சரமும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும் அக்கரைக்கு மற்றுமொரு வரலாறு உண்டு. அது, பிழைப்பு நாடிக் கடல் கடந்து வந்த ஏழை மக்களின் நோயையும், அந்நோயைத் தீர்க்க நாடு கைக்கொண்ட வழிகளையும் பற்றியதாகும்.

1830களிலிருந்து இலங்கையின் மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைப்பதற்கெனத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மக்கள் கங்காணிமாரைப் பின்தொடர்ந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை சேர 130 மைலுக்கு மேல் நடக்க வேண்டும். வழியெல்லாம் வரண்ட காடு. நல்ல நீர் கிடைப்பது அரிது. வாந்திபேதியும் பெரியம்மையும் மலேரியாவும் அவர்களைத் தொடர்ந்தன. நடக்க இயலாதவர் வழியோரத்தில் விடப்பட்டனர். பலர் அங்கேயே மாண்டனர்.

வாந்திபேதி கண்டவன் உடலின் நீர் வற்றியே உயிரிழக்கிறான். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை இடைவிடாது புகட்டிப் பேணினால் பெரும்பாலோர் பிழைப்பர் என்பதை இன்றைய மருத்துவம் அறியும். மருந்திலும் மேலாக அவர்களுக்கு வேண்டியிருந்தது, அருகிருந்து பணிவிடை செய்யும் ஒரு தாதியின் கையே. அக்கையே அன்று அவ்வழியில் அரிதாயிருந்தது.

அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. 1858இல் குடிசார் வைத்தியத் திணைக்களம் அமைந்தது. காலப்போக்கில் வழிநெடுகக் கிணறுகளும் தங்குமடங்களும் வைத்தியசாலைகளும் தோன்றின. 1872இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவ வசதிக்கெனச் சட்டமொன்று பிறந்தது. 1896இல் பம்பாயிலே கொள்ளைநோய் பரவவே, அப்பத்தாண்டின் இறுதியில் மன்னார் வழி மூடப்பட்டது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியபின், தொழிலாளர் மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டு, அம்மை குத்தப்பெற்றே இக்கரை வந்தனர். இவற்றால் உயிர்கள் காக்கப்பட்டன என்பதில் ஐயமில்லை. எனினும் வாயிலில் நின்று நோயைத் தடுப்பது வேறு; நோயாளியின் வாசலுக்குச் சென்று பேணுவது வேறு.

இரண்டாவது நெறி இலங்கையில் வேரூன்றியது 1926இல். அவ்வாண்டு களுத்துறையில் நிறுவப்பெற்ற சுகாதாரப் பிரிவு, மக்கள் வைத்தியசாலையைத் தேடி வரும்வரை காத்திராது, தாதியரையும் மருத்துவிச்சியரையும் வீடுவீடாக அனுப்பிற்று. அம்முறை பின்னர் நாடெங்கும் பரவிற்று.

2016ஆம் ஆண்டு செப்தெம்பரில் மலேரியா அற்ற நாடென இலங்கை உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. அவ்வாண்டு முடியுமுன்பே, இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு இனமொன்று மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. கிணற்று நீரிலும் பெருகவல்ல அவ்வினத்தை வாயிற்காவலால் மட்டும் தடுத்தல் இயலாது; கிணறு கிணறாகச் சென்று பார்த்தல் வேண்டும்.

முன்னர் நடந்து மாண்டவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை. இன்று மன்னாரில் ஒரு தாதி வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே செல்லும் ஒவ்வொரு முறையும், அவர்களுக்கு அன்று கிட்டாத பணிவிடை மற்றொருவருக்குக் கிட்டுகிறது.