சோலம் அலைக்கமின் உயிலும் சமயஞ்சாரா யூத மரபும்

இத்திஷ் மொழிக் கதையாசிரியருள் தலைசிறந்த சோலம் அலைக்கம் 1915-ஆம் ஆண்டு நியூயார்க்கு நகரில் தம் உயிலை எழுதினார். மறு ஆண்டு மே மாதத்தில் மறைந்தார். அவ்வுயிலைப் பொருட்பங்கீட்டு முறியாகக் கொள்வதினும் மரபுப்பங்கீட்டு முறியாகக் கொள்வதே சாலும். தம் வழித்தோன்றல்கள் எக்கொள்கையையும் தழுவலாம் என அவர் விடுதலை தருகின்றார். ஆயின் யூதப் பிறப்பைப் பேணல் வேண்டும் என்றும், அதனை உதறி வேற்றுச் சமயம் புகுவார் தம் குடும்பத்தினின்று நீங்கியவராவர் என்றும் வரையறுக்கின்றார். இறந்தார் பொருட்டு மைந்தர் ஓதும் ‘கதீஷ்’ என்னும் வழிபாட்டுரையை ஓத மனமில்லாதார், ஆண்டுதோறும் நினைவு நாளிற் கூடித் தம் நகைச்சுவைக் கதையொன்றைத் தமக்கு நன்கு விளங்கும் மொழி எதுவாயினும் அதிற் படித்தல் போதும் என்கின்றார்.

எம்மொழியிலேனும் என்னும் இவ்விசைவு அக்காலத்து இயக்கத்தாரின் நெறிக்கு மாறானது. சமயத்தை நீக்கிய இடத்தில் அவர்கள் மொழியையே நிறுவினர். 1908-இல் செர்னோவிட்சு மாநாட்டில், இத்திஷ் யூதர்தம் ஒரே தேசிய மொழியா, தேசிய மொழிகளுள் ஒன்றா என்று கடும்பூசல் நிகழ்ந்து, பின்னதே தீர்மானமாயிற்று. (ஒரு சிறு சொல்லுக்காக அறிஞர் இத்துணை மல்லாடியது நம் துறையினர்க்கு வியப்பளியாது.) 1921-இல் போலந்தில் அமைந்த மத்திய இத்திஷ் பள்ளி அமைப்பு அறிவியல் உள்ளிட்ட பாடங்களை அம்மொழியில் கற்பித்தது.

இவ்வியக்கத்தின் முதன்மையான உரம் 1897-இல் வில்னாவில் தோன்றிய ‘புண்ட்’ என்னும் யூதத் தொழிலாளர் கட்சியாகும். அதன் தலைவருள் ஒருவரான விளாதிமிர் மேதெம் இளமையிலேயே கிறித்தவத் திருமுழுக்குப் பெற்றவர். உருசிய மொழி பேசும் இல்லத்தில் வளர்ந்து, வயது வந்தபின் இத்திஷ் கற்றவர். சோலம் அலைக்கம் தம் குடும்பத்திற்கு வகுத்த அளவைக் கருவியாகக் கொள்ளின் மேதெம் புறத்தே நிற்பார்; ஆயினும் போலந்துச் சிறார் பல்லாயிரவர்க்கு யூதராய் வாழும் நெறியைக் காட்டியோருள் அவர் ஒருவர். பிறப்பால் வருவது மரபா, தேடிக் கொள்வது மரபா என்னும் வினாவிற்கு உயில் விடை கூறவில்லை என்றே யான் கருதுகின்றேன்.

மேதெமின் பெயரால் 1926-இல் வார்சாவின் அருகே மியெத்சேஷினில் சிறார்க்கான நலவாழ்வகம் எழுந்தது. 1942 ஆகஸ்டில் அங்கிருந்த குழந்தைகளும் பணியாளரும் திரெப்ளிங்கா கொலைக்களத்திற்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஆதலின் போலந்தில் இம்முயற்சி தோற்றது எனல் தகாது, அது கொல்லப்பட்டது. அமெரிக்காவின் நிலை வேறு. ‘தொழிலாளர் வட்டம்’ நடத்திய மாலைப் பள்ளிகளிற் குழந்தைகள் இத்திஷ் கற்றனர். இல்லத்திலும் தெருவிலும் ஆங்கிலமே பேசினர். மூன்றாந் தலைமுறையில் பாடலும் பண்டிகையுமே எஞ்சின.

சோலம் அலைக்கமின் பேர்த்தி பெல் காஃப்மன் தம் புகழ்மிக்க நாவலை 1965-இல் ஆங்கிலத்திலேயே வெளியிட்டார். எனினும், 2014-இல் மறையும் வரை, பாட்டனாரின் நினைவுக் கூட்டத்தை அவர் பேணிவந்தார். உயில் பணித்த அவ்வாசிப்பு 2016-இல் நூறாண்டு கண்டது. கதைகள் இத்திஷிலும் ஆங்கிலத்திலும் படிக்கப்பட்டன.