எழும்பூர் அசைலத்துப் பையன்கள்

கிண்டி பொறியியல் கல்லூரி எப்போது பிறந்தது என்று கேட்டால் அதன் முன்னாள் மாணவர்கள் யோசிக்காமல் 1794 என்பார்கள். செயின்ட் ஜார்ஜ் கோட்டையை ஒட்டி எட்டு மாணவர்களோடு தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் அதன் மூலம் என்பதும் பலருக்குத் தெரியும். பள்ளிக்குப் பையன்களைத் தேடி அதன் நிறுவனர் மைக்கேல் டாப்பிங் எங்கே போனார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர் போன இடம் எழும்பூரில் இருந்த ஆண் அனாதைகள் இல்லம். அன்றைய மதராஸில் அதற்கு ‘மேல் அசைலம்’ என்று பெயர்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியப் படைவீரர்கள் போரிலும் காய்ச்சலிலும் மடிந்துகொண்டிருந்த காலம் அது. பிழைத்தவர்களில் பலர் படைப்பிரிவோடு கப்பலேறிப் போனார்கள். அவர்கள் விட்டுச்சென்ற பிள்ளைகளுக்காக மதராஸில் 1787இல் பெண்பிள்ளைகள் இல்லமும் 1789இல் ஆண்பிள்ளைகள் இல்லமும் திறக்கப்பட்டன. பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாய் இந்த ஊர்க்காரி. பலருக்கு அவள் உயிரோடும் இருந்தாள். ஆனால் கம்பெனிக் கணக்கில் தகப்பன் இல்லாத பிள்ளை அனாதைதான்.

ஆண்பிள்ளைகள் இல்லத்துக்குக் கண்காணிப்பாளராக வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். உள்ளூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்த அவர், அதைத் தம் பள்ளியிலும் நடத்த நினைத்தார். ஆசிரியர்கள் முரண்டு பிடித்தார்கள். ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார் பெல். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பது நம் ஊரில் புதிதல்ல, சட்டாம்பிள்ளை அறியாத திண்ணைப் பள்ளி கிடையாது. பெல் 1797இல் லண்டனில் அச்சிட்ட சிறுநூலின் வழியாக அதுவே ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. கல்வி வரலாற்று நூல்கள் பெல்லின் கதையைப் பெரும்பாலும் இதோடு முடித்துக்கொள்கின்றன. இல்லத்தை நடத்தியவர்களுக்கோ இன்னொரு கவலை இருந்தது. படித்து வளர்ந்த பையன் பதினான்கு வயதுவாக்கில் வெளியே வந்தாக வேண்டும். அவனை எங்கே அனுப்புவது?

கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. இந்தியத் தாய்க்குப் பிறந்த ராணுவ அனாதைகளைப் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பக் கூடாது என்று 1786இல் உத்தரவானது. பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும் கம்பெனியின் சிவில், ராணுவ, கடல் பணிகளில் சேர முடியாது என்றது 1791இன் ஆணை. 1795இல் ராணுவத்தில் இவர்களுக்கு மிஞ்சியவை குழல் ஊதுவது, தம்பட்டம் அடிப்பது, குதிரைக்கு லாடம் கட்டுவது போன்ற வேலைகள். பிள்ளைகளைச் சோறு போட்டு வளர்க்க உதவிய அதே கம்பெனிதான் இந்த ஆணைகளையும் போட்டது.

அந்த நேரத்தில் திறந்த ஒரு நல்ல வழி நில அளவை. 1792இல் திப்பு சுல்தானோடு செய்த உடன்படிக்கையில் பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனியின் கைக்கு வந்தன. இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நிலங்களை அளக்காமல் வரி போட முடியாது. ஏரிகளையும் கால்வாய்களையும் கணக்கெடுக்காமல் விளைச்சலை மதிப்பிட முடியாது. இதற்கெல்லாம் ஐரோப்பிய அதிகாரிகளை நியமித்தால் செலவு கட்டாது. மதராஸ் வானாய்வகத்தின் வானியலாளரும் ஏரி மராமத்துக்குப் பொறுப்பாளருமான டாப்பிங், கணக்கும் வரைபடமும் கற்றுக்கொடுத்தால் அசைலத்துப் பையன்களே இதைச் செய்வார்கள் என்று கண்டார். பையன்கள் ஒப்பந்தப் பயிற்சியாளர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். டாப்பிங் 1796இல் மசூலிப்பட்டினத்தில் இறந்த பின் ஜான் கோல்டிங்ஹாம் பள்ளியை நடத்தினார்.

அந்தப் பள்ளியில் தேறிய இளைஞர்கள் சங்கிலியும் கோணமானியும் சுமந்து மாகாணம் முழுக்க நடந்தார்கள். 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவைக்கும் துணை உதவியாளர்கள் இங்கிருந்துதான் போனார்கள். ஜோஷுவா டி பென்னிங் அவர்களில் ஒருவர். லாம்டன் 1823இல் ஹிங்கன்காட்டில் இறந்த பிறகும், அவர் இடத்துக்கு வந்த எவரெஸ்ட்டின் கீழ் டி பென்னிங் வேலையைத் தொடர்ந்தார். பிற்காலத்தில் கல்கத்தாவின் கணக்கீட்டு அலுவலகத்தையும் கவனித்தார். கணிதவியலாளர் ராதாநாத் சிக்தார் பணியாற்றிய அலுவலகம் அது. இத்தனை அனுபவம் இருந்தும் இவர்கள் பெயருக்கு முன்னால் ‘துணை’ என்ற சொல் ஒட்டிக்கொண்டே இருந்தது. மேல் பதவி சீமையிலிருந்து வந்த அதிகாரிக்குத்தான்.

இல்லத்துக்குள்ளேயே ஒரு தொழிலும் வளர்ந்தது. பையன்கள் அச்சுக்கோக்கக் கற்ற அசைலம் அச்சகம் மதராஸின் ஆண்டுப் பஞ்சாங்கத்தையும் முகவரித் தொகுப்பையும் அச்சிட்டது. 1870களின் தொடக்கத்தில் ராணுவ அனாதைகள் இல்லம் ஊட்டியருகே லவ்டேலில் இருந்த லாரன்ஸ் அசைலத்தோடு இணைந்தது. அதன் பிறகும் ‘லாரன்ஸ் அசைலம் பிரஸ்’ என்ற பெயர் மவுண்ட் ரோட்டில் நெடுங்காலம் நிலைத்தது.

பெண்பிள்ளைகளுக்கு அளவைச் சங்கிலியும் இல்லை, அச்செழுத்தும் இல்லை. அவர்கள் வெளியேற இருந்த வழி கல்யாணம், இல்லையென்றால் வீட்டு வேலை. கல்கத்தாவின் கிதர்பூர் மாளிகையில் இயங்கிய ராணுவ அனாதைப் பள்ளி இதற்காகவே நடன விருந்துகள் நடத்தியது. வந்த அதிகாரிகள் அங்கே மனைவியைத் தேர்ந்துகொண்டார்கள்.

அனாதைப் பிள்ளைகளை ஒப்பந்தத்தில் தொழில் பழகச் சேர்க்கும் வழக்கம் 1850இல் சட்டமாக எழுதப்பட்டது. தருமத்தில் வளரும் அனாதைகளும் ஏழைப் பிள்ளைகளும் தொழில் கற்க வேண்டும் என்று நோக்கம் சொன்ன அந்தத் தொழில் பழகுநர் சட்டம், பத்து முதல் பதினெட்டு வயதுவரை உள்ள பிள்ளையை ஓர் எஜமானனிடம் ஒப்பந்தத்தில் சேர்க்க அனுமதித்தது. காலம் ஏழு ஆண்டுக்கு மிகக் கூடாது, பையனுக்கு 21 வயது தாண்டக் கூடாது. பெண்ணானால் அவள் கல்யாணத்தோடு ஒப்பந்தம் முடியும். பெற்றவர் இல்லாத பிள்ளைக்கு மாஜிஸ்திரேட்டே பாதுகாவலர் இடத்தில் நின்று கையெழுத்திடலாம். இந்தியாவில் குழந்தைகளுக்கென்று வந்த முதல் சட்டங்களில் ஒன்றாக இதைச் சொல்வார்கள். 1961இல் புதிய சட்டம் வரும்வரை இது புத்தகத்தில் இருந்தது.

இந்த ஏற்பாட்டைப் புனிதமாக்க வேண்டியதில்லை. எதிர்த்துப் பேச ஆளில்லாத பிள்ளைகளிடமிருந்து மலிவாக உழைப்பை வாங்கும் வழியாகவும் அது இருந்தது. ஆனாலும் பையன் வாசலைத் தாண்டும் முன்பே அவன் எங்கே தங்குவான், யாரிடம் வேலை கற்பான் என்பது காகிதத்தில் இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் கணக்கு வயதுக்கு மாறியது. இந்தியாவிலேயே முதலாவதாக வந்த 1920இன் மதராஸ் குழந்தைகள் சட்டம், பிள்ளையைச் சிறைக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பச் சொன்னது. முத்துலட்சுமி ரெட்டி 1930இல் தொடங்கிய அவ்வை இல்லம் பெண்களுக்குக் கல்யாணத்தைத் தவிர வேறு வழிகளும் உண்டு என்று காட்டியது. பள்ளியோடு ஆசிரியர் பயிற்சியும் அங்கே வளர்ந்தது. 1949இல் காமராஜரின் ஆதரவோடு மஞ்சுபாஷிணி தொடங்கிய பால மந்திர், கைக்குழந்தைகளையும் எடுத்து வளர்த்தது. மற்றபடி இல்லத்தில் ஒரு பிள்ளையை எத்தனை வயதுவரை வைத்திருப்பது என்பதே பெரிய கேள்வியாகிவிட்டது. 1986இன் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தில் ஆணுக்கு 16, பெண்ணுக்கு 18. 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருவருக்கும் 18 ஆக்கியது. வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளைக்கும் இன்று அதே கோடுதான். பதினெட்டாவது பிறந்தநாள் பிளஸ் டூ தேர்வுக்கு முன்னால் வந்தாலும் கல்லூரியின் முதல் ஆண்டில் வந்தாலும் சட்டத்தின் பார்வையில் அவர் குழந்தை அல்ல.

அதற்குப் பிந்தைய காலத்துக்குச் சட்டம் தந்திருக்கும் ஏற்பாடு ‘பிற்காப்பு’. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 46ஆவது பிரிவு, வெளியேறுபவருக்குப் பண உதவி தரலாம் என்கிறது. 2016இன் மாதிரி விதிகள் ஆதரவை 21 வயதுவரையும் விதிவிலக்காக 23 வரையும் நீட்டிக்கின்றன. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் 2022 முதல் ஒருவருக்கு மாதம் 4,000 ரூபாய். 1850இன் சட்டமும் இன்றைய விதிகளும் 21 என்ற அதே எண்ணில் வந்து நிற்கின்றன. அன்று பொறுப்பாளி, ஒப்பந்தத்தில் பெயர் எழுதிய ஓர் எஜமானன். இன்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் அது தயாரிக்க வேண்டிய தனிநபர் திட்டமும். அந்தத் திட்டம் பதினெட்டு முடியும் முன்பே தயாராகிவிட்டால், வெளியே வருபவர் படிப்பைத் தொடரலாம், தொழிற்பயிற்சியில் சேரலாம். தாமதமானால் அந்த இடைவெளியில் வாடகையையும் சாப்பாட்டையும் அவரேதான் சமாளிக்க வேண்டும். 4,000 ரூபாய் வந்தாலும், சென்னையில் பலர் பகிர்ந்து தங்கும் ஒரு விடுதிக் கட்டிலுக்கே அதில் பெரும்பகுதி போய்விடும்.