புலித்தலை இராட்சசனும் புதுப் பதிப்பும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு 2024இல் 50 வயது ஆனது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் ஒரு சின்னப் பெட்டிக்குள் மூன்று மெல்லிய புத்தகங்களை வைத்து விற்றார்கள். தாயக்கட்டை உருட்டி நாங்கள் காய் நகர்த்துவோம்; அவர்கள் கட்டை உருட்டிக் கதையை நகர்த்தினார்கள்.

அதே ஆண்டில் அதன் புதுப் பதிப்பு வரத் தொடங்கியது. விளையாடுபவர்களுக்கான கையேடு செப்டெம்பரில் வந்தது, கதை நடத்துபவருக்கானது நவம்பரில். நான் காத்திருந்தது 2025 பெப்ரவரியில் வந்த மொன்ஸ்டர் மனுவலுக்கு. காரணம் ஒரே ஒருத்தன்: இராட்சசன்.

ஆம், எங்கள் கதைகளில் வரும் அதே சொல். 1977இல் வந்த முதல் மொன்ஸ்டர் மனுவலிலேயே அவன் இருக்கிறான். புலித்தலை, வெள்ளைக்காரத் துரை போல் உடுப்பு, கையில் சுங்கான். ஆசீர்வதித்த அம்பு பட்டால் செத்துவிடுவான். இந்த அம்பு இராமாயணத்தில் இல்லை. 1974இல் 'கோல்சாக்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் வந்த ஒரு பேய்க்கதையிலிருந்து கைகாக்ஸ் எடுத்தது. பெயருக்குப் பக்கத்தில் 'தீயவன்' என்று முத்திரையும் குத்தியாயிற்று. அதன்பிறகு பதிப்புகள் மாறின, புலித்தலை மாறவில்லை.

இதில் கோபப்பட என்ன இருக்கிறது, விளையாட்டுத்தானே என்று கேட்பீர்கள். கோபமில்லை. ஆனால் அம்மம்மாவிடம் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். திருகோணமலைக்குப் பக்கத்தில் ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. தாயின் ஈமக்கிரியைக்காக இராவணன் உண்டாக்கியவை என்று ஊரில் சொல்வார்கள். கோணேசர் கோயில் மலைப் பிளவுக்கு இராவணன் வெட்டு என்றே பெயர். அங்கே இராட்சசன் சிவபக்தன், தாய்க்குக் கிரியை செய்த மகன்.

தமிழ்நாட்டில் புலவர் குழந்தை இன்னும் ஒரு படி மேலே போனார். இராவணனையே தலைவனாக்கி 1946இல் 'இராவண காவியம்' எழுதினார். 1948இல் சென்னை அரசு அதைத் தடை செய்தது. 1971இல்தான் தடை நீங்கியது. ஒரு பழைய கதைக்கு ஒருவர் புதுப் பதிப்பு எழுதியதற்கு 23 வருடத் தடை! எங்கள் மேய்ஸ் ஹில் முருகனின் கதையையே எடுங்கள். சூரன் கடைசியில் அழிந்துபோவதில்லை. மயிலாகவும் சேவலாகவும் முருகனோடேயே நிற்கிறான். மொன்ஸ்டர் மனுவலில் இதற்கு எந்தக் கட்டத்தில் புள்ளி போடுவது?

நம்பிக்கைக்கும் இடமிருக்கிறது. புதுக் கையேட்டில் 'இனம்' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். 2022இல் வந்த 'ஜர்னீஸ் த்ரூ த ரேடியன்ட் சிட்டடெல்' நூலின் 13 கதைகளையும் வெள்ளையரல்லாத எழுத்தாளர்களே எழுதினார்கள். அவற்றில் வங்காளச் சாயலுள்ள கதை மிமி மொண்டலுடையது. தமிழ்ச் சாயலில் ஒன்று அதில் இல்லை.

பயம் வேறு பக்கத்தில். பழைய புத்தகங்களோடு புதிது பொருந்தும் என்கிறார்கள். 'பொருந்தும்' என்று சொல்லி வரும் மென்பொருளோடு மல்லுக்கட்டித்தான் நான் சம்பளம் எடுக்கிறேன், ஆகவே இதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்கிறேன். 2008இல் நான்காம் பதிப்பு வந்தபோது பழைய விதிகளை விட மனமில்லாதவர்கள் பலர் 'பாத்ஃபைண்டர்' பக்கம் போய்விட்டார்கள். அந்த விளையாட்டைச் சட்டப்படி செய்ய முடிந்தது, 2000ஆம் ஆண்டின் திறந்த உரிமத்தால். 2023 ஜனவரியில் அந்த உரிமத்தையே இறுக்கப் பார்த்தது நிறுவனம். விளையாடுபவர்கள் கொதித்தெழுந்தார்கள். அதே மாத முடிவில் நிறுவனம் பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது.

எனக்கு இதுதான் பெரிய விஷயம். எடுத்த இடத்தைக் குறிப்பிட்டால் போதும், அந்த விதிகளை வைத்து யாரும் தங்கள் உலகத்தை எழுதலாம், விற்கவும் செய்யலாம். கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கவும் முடியாது. இராட்சசனும் அந்த ஆவணத்துக்குள்ளே இருக்கிறான். புதுப் பதிப்பில் அவன் எந்தத் தலையோடு வந்தாலும் சரி, உங்கள் மேசையில் அவனுக்குப் பத்துத் தலை வைக்கலாம், கையில் வீணை கொடுக்கலாம், ஏழு கிணறுகளுக்குப் பக்கத்தில் குடியிருத்தலாம். அம்பு எய்வதா, பேசிப் பார்ப்பதா என்பதை விளையாடுகிறவர்கள் முடிவு செய்யட்டும்.