தலைமேல் படவீழ்த்தியும் இணைப்புச் சொற்களின் இழப்பும்

1. முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வகுப்பறைகளிலும் கருத்தரங்குகளிலும் பெருவழக்காக இருந்த கருவி, ஓவர்ஹெட் புரொஜெக்டர் எனப்பெறும் தலைமேல் படவீழ்த்தியாகும். இன்று அக்கருவி பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. அது வளர்த்த எழுத்துமுறையோ நிலைத்துள்ளது. அக்கருவியின் வரலாற்றையும் அவ்வெழுத்துமுறையின் விளைவையும் சுருங்க ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. கருவியின் வளர்ச்சி

படத்தை ஒளியால் பெருக்கித் திரையில் வீழ்த்தும் முறை பழையது. டச்சு அறிஞர் கிறிஸ்தியான் ஹைகென்ஸ் 1659ஆம் ஆண்டளவில் மாய விளக்கை அமைத்தார். அதற்கு இருட்டறை வேண்டும். தலைமேல் படவீழ்த்தி இக்குறையை நீக்கியது. பெட்டியின் அடியிலுள்ள விளக்கின் ஒளி, கண்ணாடிப் பரப்பில் வைத்த ஒளிபுகு தாளை ஊடுருவி மேலெழுந்து, சாய்ந்த ஆடியால் திரும்பி, பேச்சாளரின் பின்னுள்ள திரையில் விழும். வெளிச்சமுள்ள அறையில், அவையினரை நோக்கி நின்றவாறே பேச்சாளர் எழுதலாம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கப் படையினர் பயிற்சிக்கு இதனைப் பயன்படுத்தினர். ஆயினும் தாள் முழுவதற்கும் ஒளியைக் குவிக்கவல்ல கண்ணாடி வில்லை எடையும் விலையும் மிக்கது. இதற்குத் தீர்வு கலங்கரை விளக்கத்திலிருந்து கிடைத்தது. பிரெஞ்சு அறிஞர் பிரெனல் வகுத்த படிவரி வில்லை 1823இல் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் ஒளிர்ந்தது. அந்நெறியில் நுண்வரிகள் பதித்த பிளாஸ்டிக் வில்லையைக் கொண்டு, த்ரீ எம் நிறுவனத்தின் ரோஜர் அப்பல்டார்ன் 1960களின் தொடக்கத்தில் எடை குறைந்த கருவியை உருவாக்கினார்.

3. எழுத்துமுறை

தாள் ஏறத்தாழ 10 அங்குலச் சதுரம். பின்வரிசையினரும் படிக்க எழுத்து பெரிதாதல் வேண்டும். எனவே வரிகள் சிலவே அமையும். வாக்கியங்கள் குறுந்தொடர்களாயின. 'ஆதலால்', 'எனினும்', 'ஆயின்' போன்ற இணைப்புச் சொற்கள் நீங்கின. அவற்றைப் பேச்சாளரின் வாய்மொழி நிரப்பியமையால் இது குறையாகத் தோன்றவில்லை. தாள் பேச்சினின்று பிரிந்து ஆவணமாகும்போதே இடர் தோன்றுகிறது. 1987இல் வெளிவந்த பவர்பாயின்ட் மென்பொருளின் முதற்பதிப்பு, ஒளிபுகு தாள்களுக்குரிய கறுப்பு வெள்ளைப் பக்கங்களை ஆக்குவதற்கே அமைந்தது. இவ்வாறு பழைய மரபு கணினியினுள் புகுந்தது.

4. ஒரு சான்று

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் சிதைந்து எழுவர் மாண்டனர். ஏவுகையின்போது பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று அதன் இடச்சிறகைத் தாக்கியிருந்தது. விண்ணோடம் விண்ணில் இருந்தபோதே பொறியாளர் நாசாவிற்கு அளித்த படவில்லைகளுள் ஒன்றின் தலைப்பு, சோதனைத் தரவுகள் நம்பிக்கை தருவன என்னும் தொனியில் அமைந்தது. அதன் கடைசி வரியோ நுரைத்துண்டின் கன அளவு 1920 கன அங்குலம் எனவும், சோதனைத் துண்டினது 3 கன அங்குலம் எனவும் கூறியது. வேறுபாடு 640 மடங்கு. 'ஆதலால் இச்சோதனையைச் சார்ந்து முடிவு கூறல் இயலாது' என்னும் வாக்கியம் அங்கு இடம்பெறவில்லை. தொழில்நுட்ப அறிக்கைகளுக்கு மாற்றாகப் படவில்லைகளைக் கையாளும் வழக்கத்தை விசாரணைக் குழு 2003 ஆகஸ்டு மாத அறிக்கையில் கண்டித்தது. விபத்துக்கு எழுத்துமுறையே காரணம் எனல் பொருந்தாது. எனினும் எச்சரிக்கை மறைந்து கிடக்க அது இடமளித்தது எனலாம்.

5. முடிவுரை

தலைமேல் படவீழ்த்தி, பேசுவோர் உடனிருப்பதை வேண்டிய கருவி. அவர் விலகியபின் எஞ்சுவன தொடர்பற்ற வரிகளே. செய்திகளுக்கிடையே உள்ள உறவைச் சுட்டும் சிறு சொற்களே சிந்தனையின் மூட்டுகள் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.